ஹன்னாவின் ஓட்டு நாளும் என் சரஸ்வதி பூஜையும்

இதை எழுதிவிட வேண்டும் என்று உட்காருவதும் எழுந்து போவதுமாக நாலு வருஷம் ஓடிவிட்டது. நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் ஊர் பார்த்த கதையை எழுதி என்ன ஆகப் போகிறது என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரியது வெட்கம். போன இடத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டு வந்தேன். அதை மறைத்து மற்றதை மட்டும் எழுதினால் அண்ணாமலையார் சும்மா விடமாட்டார். எழுதினால் எங்கள் தெருக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். தெருக்காரர்களைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மாடியில் ஒரு ரூம் வாடகைக்கு விடுகிறோம். அந்த ரூமுக்குக் குளிர்காலம் தோறும் வருகிறவள்தான் ஹன்னா, ஜெர்மனிக்காரி. ஒன்பது வருஷமாக வந்ததில் நம் தமிழ் அவளுக்குக் கொஞ்சம் வந்துவிட்டது. என் பேர் செல்வி, அவள் அக்கா என்பாள். தெருவில் அவளுக்குப் பேர் பிடில் அம்மா.

பிடில் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவள் வாசிப்பது வயோலா. பிடில் மாதிரியேதான் இருக்கும், ஆனால் கொஞ்சம் பெரிசு, குரலும் தடிப்பு. பிடில் பாடுகிற பெண்பிள்ளை என்றால் இது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற பெரிய மனுஷி.

ஆறு வயதில் பிடில்தான் கற்றுக்கொண்டாளாம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் நாலு பேர் சேர்ந்து வாசிக்க வயோலாவுக்கு ஆள் இல்லை என்று இவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. படித்து முடித்து ஊர் ஊராக வேலைக்குப் போட்டி போட்டாள். அங்கே போட்டி எப்படித் தெரியுமா? நடுவில் திரை கட்டிவிடுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கேட்கிறவர்கள், இந்தப் பக்கம் வாசிக்கிறவர். ஆணா பெண்ணா, கிழமா குமரியா தெரியக்கூடாது. செருப்புச் சத்தம் காட்டிக் கொடுக்கும் என்று காலுறையோடு நடந்து போவாளாம். பல தடவை தோற்று, ஒரு பெரிய வாத்தியக் குழுவில் இடம் கிடைத்துப் பன்னிரண்டு வருஷம் வாசித்தாள். பிறகு தோள்பட்டை போய்விட்டது. வேலையும் போனது. அப்போதுதான் வாத்தியம் இல்லாமல் வெறுங்கையோடு எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தாள். முதல் குளிர்காலம் முழுக்க மலையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். அடுத்த வருஷம் வயோலாப் பெட்டியோடு வந்தாள்.

நாற்பத்து நாலு வயதில் மறுபடி திரைக்குப் பின்னால் போய் நின்று வாசித்து வேறொரு ஊரில் வேலை வாங்கினாள். வயோலாக்காரர்களில் முன் நாற்காலி. ஆனால் வேலை உடனே நிரந்தரம் ஆகாது. ஒரு வருஷம் வாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். வருஷ முடிவில் கூட வாசிக்கிறவர்களே ஓட்டுப் போடுவார்கள். வேண்டாம் என்று விழுந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"இந்த வயசுல இன்னொரு தடவ எனக்குக் கிடைக்காதுக்கா. அந்த நாள்ல என் பக்கம் ஒரு ஆள் வேணும். நீ வா" என்று போனில் கூப்பிட்டாள். டிக்கெட்டும் அவளே எடுத்தாள்.

"போய்ட்டு வா. பத்து நாள்ல நான் இன்னா எளைச்சா பூடுவேன்?" என்றார் வீட்டுக்காரர். எதிர்வீட்டு வனஜாதான், "இன்னாக்கா, ஃபாரின் போறியாமே? பெட்டி தூக்க ஆள் கெடைக்கலயா அவங்களுக்கு?" என்றாள். அவள் வாய் அப்படி. அவளேதான் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா கிளறிக் கொடுத்து அனுப்பினாள்.

முதல் நாளே தொலைந்து போனேன். ஹன்னா விமான நிலையத்துக்கு வந்து ரயிலில் ஏற்றினாள். குளிரில் எனக்குப் பல் கிட்டியது. பாத்ரூம் போக வேண்டும் போல் இருந்தது. அந்தப் பெட்டியில் பூட்டியிருந்ததால் முன்னால் நாலு பெட்டி தாண்டிப் போனேன். திரும்பி வந்தால் வழி இல்லை. ரயிலே இல்லை! அந்த ஊர் ரயில் ஒரு ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்து, பாதி ஒரு ஊருக்கும் பாதி இன்னொரு ஊருக்கும் போகுமாம். ஹன்னா ஒரு பாதியோடும் நான் இன்னொரு பாதியோடும் போய்விட்டோம். நம் பஸ்ஸில் ஒரு ஆள் இறங்கி டீ குடித்தால் கண்டக்டர் விசில் அடித்துக் கூப்பிடுவார். அங்கே யார் கூப்பிடுவது?

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அழுதுகொண்டு நின்றேன். ரொட்டிக் கடையில் வேலை செய்த ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, நீங்கள் தமிழோ? ஏன் அழுகிறியள்?"

இலங்கைத் தமிழ்ப் பிள்ளை. எனக்கு அந்த இடத்தில் அம்பாளே வந்து நின்ற மாதிரி. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "பயப்பிடாதேங்கோ. இந்த ரெயில் அப்பிடித்தான். நான் வந்த புதுசிலை மூண்டு தரம் பிழையான ஊருக்குப் போனனான்." ஹன்னா எனக்கு எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து அவள் நம்பருக்குப் போன் போட்டாள், காப்பி கொடுத்தாள், ஹன்னா வரும்வரை பக்கத்தில் உட்கார வைத்தாள். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் விளக்கேற்றும்போது அவளுக்காகவும் ஒரு தடவை கும்பிடுகிறேன்.

ஹன்னாவின் வீடு மூன்றாவது மாடியில் சின்னதாக இருந்தது. எங்கள் மாடி ரூம் மாதிரி இரண்டு மடங்கு, அவ்வளவுதான். இரண்டாம் நாள் நான் சாதம் வடித்து, அவர்கள் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். அந்தத் தயிர் புளிக்கவே புளிக்காது. அவர்கள் ரொட்டியோ நம் முறுக்கைவிடக் கெட்டி. "இத எப்படி மென்னு சாப்பிட்ற?" என்று கேட்டால், "ஒன் ரேஷன் அரிசில கல்லே இருக்கும், நான் மென்னு சாப்பிடல?" என்கிறாள். பேச்சு எங்கள் தெருவில் கற்றதல்லவா.

அவள் சாதகம் செய்வதை அப்போதுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலையில் முதல் அரை மணி பாட்டே கிடையாது. ஒரே தந்தியில் வில்லை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுப்பாள், மெதுவாக. மறுபடி இழுப்பாள். எங்கேயும் சத்தம் நடுங்கக்கூடாது. நாற்பது வருஷம் வாசித்தவள், நேற்றுச் சேர்ந்தவள் மாதிரி இதைத் தினமும் செய்கிறாள். நடுவில் தோளைச் சுவரில் அழுத்தி நின்று வலியைக் குறைத்துக்கொள்வாள். நான் பார்ப்பது தெரிந்தால் சிரிப்பாள்.

நாலாம் நாள் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவளும் மூன்று சிநேகிதர்களும் நாலு பேராக வாசித்தார்கள். இது வேலை இல்லை, ஆசைக்கு. நாலு பேருக்கும் முன்னால் கைகாட்ட ஆள் இல்லை. தாளம் போடுகிறவர் இல்லை. ஒரு மூச்சு இழுத்தார்கள், நாலு பேரும் ஒரே நேரத்தில், அதுதான் ஆரம்பம். எனக்குப் புல்லரித்தது. முழுக்கக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. இரண்டு பிடிலும் மேலே பேசுகின்றன, பெரிய வாத்தியம் கீழே நிற்கிறது. ஹன்னா நடுவில். அவள் வாசிப்பது தனியாகக் காதில் விழவில்லை. ஒரு இடத்தில் அவள் நிறுத்தினாள். அப்போது மற்ற மூவரும் மூன்று திசையில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. கோயில் மேளத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஊதுவதை நிறுத்தினால்தான் அவர் இருந்ததே தெரியும். அந்த மாதிரி.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என் புடவையைத் தொட்டுப் பார்த்து என்னவோ சொன்னார். ஹன்னாவிடம் பிறகு கேட்டேன். "இந்தப் பொம்பளைக்குக் குளிரலையா, இல்ல ஒங்க நாட்டுல எல்லாரும் திரையைக் கட்டிக்குவாங்களான்னு கேட்டாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்க விட்டார்கள். ஹன்னாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நெட்டையாக, நரைத்த மீசையோடு ஒருவர். பேர் குர்ட். வயோலாக்காரர்களில் மூத்தவர். அவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்களாம். இந்த வருஷத்தில் இரண்டு தடவை ஹன்னாவிடம், "உன் சத்தம் கம்மி" என்று சொல்லியிருக்கிறார். ஹன்னாவுக்குப் பயமே அவர் ஓட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கச்சேரி. அது முடிந்ததும் ஓட்டு. காலண்டரைப் பார்த்தால் அன்றைக்குச் சரஸ்வதி பூஜை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட நல்ல நாள் உண்டா? வயோலாவைப் பூஜையில் வைக்கிறேன் என்றேன்.

"வை அக்கா. ஆனா பொட்டு பெட்டிக்கு மட்டும். மரத்துல வைக்காத."

"சரி, மரத்துல வைக்கல."

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது என்பது நம் வழக்கம். அதற்கும் ஒரு வழி பண்ணினேன். "தாயே, இவளுக்கு இன்னிக்கே வேலை இருக்கு, எட்டு மணிக்கு எடுத்துக்க உத்தரவு குடு" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு விடியற்காலை குளித்து, படம் வைத்து, கொண்டைக்கடலை சுண்டல் செய்தேன். ஹன்னா தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். நம் வீட்டில் பூஜைக்கு முன்னால் எதையும் துடைக்காமல் வைக்க மாட்டோம். என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்து எண்ணெய்த் துணி போட்டுப் பளபளவென்று நிறுத்துவார். நான் தையல் மிஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவேன். வயோலாவின் தந்திக்குக் கீழே வெள்ளையாகத் தூசு படிந்திருந்தது. காய்ந்த துணியால் துடைத்தேன். மூடியில் இரண்டு வில் இருந்தன. வில்லில் இருக்கிற முடி குதிரை வால் என்று சொல்லியிருக்கிறாள். தொட்டால் ஒரே வெள்ளை மாவு. முடி வறண்டு சொரசொரவென்று இருந்தது. பாவம், இதற்கு எண்ணெய் விட ஆள் இல்லை என்று நினைத்தேன். என் தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாக உறைந்திருந்தது. வெந்நீரில் வைத்து உருக்கி, ஈரத்துணியால் மாவை எடுத்துவிட்டு, இரண்டு வில்லுக்கும் முனை முதல் முனை வரை நன்றாகத் தடவினேன். தலைமுடிக்குத் தடவுகிற மாதிரி, அன்பாக.

பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வைத்து, எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டினேன். ஹன்னா கண்ணில் ஒற்றிக்கொண்டு, வயோலாவை எடுத்துத் தோளில் வைத்து, வில்லை இழுத்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வில் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போனது. காற்று போகிற சத்தம்கூட இல்லை. வில்லை மூக்கருகே கொண்டு போனாள். அடுத்த வில்லை எடுத்தாள். அதுவும் தேங்காய் வாசனை.

"அக்கா, இத நீ என்ன பண்ணின?"

சொன்னேன். அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் விளங்கியது. அந்த வெள்ளை மாவு அழுக்கு இல்லை, பிசின். அவளே தினமும் தேய்ப்பது. அந்தச் சொரசொரப்பு தந்தியைப் பிடித்து இழுப்பதால்தான் சத்தமே வருகிறது. வில் முடியை விரலால்கூடத் தொடமாட்டார்களாம். எண்ணெய் பட்டால் முடியையே மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒரு கடைகூடத் திறக்காது.

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அழாத அக்கா, டைம் கம்மி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். அவர்களில் வில் கூடுதலாக வைத்திருப்பவர் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருவர்தான். குர்ட்.

அரங்கத்தின் பின்வாசலில் அவர் வில்லோடு நின்றார். ஹன்னா வாங்கிக்கொண்டாள். அவர் கேட்டதையும் இவள் சொன்னதையும் அவர் போனதும் எனக்குச் சொன்னாள்.

"ரெண்டு வில்லும் ஒரே நாள்ல எப்படிக் கெடும்?"

"வீட்ல ஒரு விபத்து."

"இன்னைக்குப் பாத்தா?"

அவள் என் பேரை எடுக்கவே இல்லை. ஓட்டு நாளில் வில் இல்லாமல் வந்து நிற்கிறவள் என்று அவர் நினைத்துக்கொண்டு போனார். "ஏன் சொல்லல?" என்று நான் கையைப் பிடித்தேன். "வீட்டுக்கு வந்தவங்கள மாட்டி வுட மாட்டேன். நீ போய் உக்காரு" என்றாள்.

அந்த வில் அவளுடையதைவிடக் கனம். கனமான வில் என்றால் தோளுக்கு ஆபத்து. மேலே என் நாற்காலியில் உட்கார்ந்து நான் அண்ணாமலையாரைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. கச்சேரியில் முதல் பாதி போனது. இரண்டாம் பாதியில் ஒரு இடம் வந்தது. எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் வயோலா ஒன்று மட்டும், ஹன்னா மட்டும். அத்தனை பெரிய அரங்கம், அத்தனை ஜனம், ஒரு இருமல் இல்லை. அவள் அவசரப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஹன்னாவா இவள் என்று இருந்தது. தினமும் காலையில் கேட்ட அந்த ஒற்றை இழுப்புதான். மெதுவாக, நடுங்காமல், அடுத்தவர் வில்லில். வெட்கத்தில் குனிந்திருந்த நான் தலையை நிமிர்த்தியது அப்போதுதான். இது பூஜை இல்லாவிட்டால் எது பூஜை?

கச்சேரி முடிந்ததும் காண்டீனில் ஓட்டுக்காரர்கள் காப்பி குடிக்க நின்றார்கள். ஹன்னா தோளைப் பிடித்தபடி ஓர் ஓரத்தில் இருந்தாள். நான் போய் குர்ட் முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சேர்த்து இருபது வார்த்தை இருக்கும். என்னைக் காட்டி, எண்ணெய் என்றேன், வில் என்றேன், தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்றேன். கையால் தடவியும் காட்டினேன். ஹன்னா ஓடி வந்து, "அக்கா, வேணாம்" என்றாள். "நீ சும்மா இரு, சொல்றத அவருக்குச் சொல்லு" என்றேன்.

அவர் ஏன் எண்ணெய் என்று கேட்டார். எங்கள் ஊரில் இந்த நாளில் தொழில் செய்கிற சாமானைத் துடைத்துக் கும்பிடுவோம், ஆட்டோ ஆனாலும் தையல் மிஷின் ஆனாலும் என்று சொன்னேன். ஹன்னா சொல்லிக்கொண்டே வர, மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"என் பெண்டாட்டி என் வயோலாவை வீட்டை விட்டு எடு என்றுதான் சொல்கிறாள். உங்கள் ஊருக்கு அவளை அனுப்பட்டுமா?" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லோரும் போனார்கள், கதவைச் சாத்தினார்கள்.

சற்று நேரம் கழித்து ஹன்னாவை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே தனியாக. திடீரென்று உள்ளே தடதடவென்று தரையை உதைக்கிற சத்தம், ஐம்பது அறுபது கால் சேர்ந்து மிதிக்கிற மாதிரி. அடிதடி என்று நினைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஹன்னா நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சுற்றி எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியமும் வில்லும் கையில் இருக்கும்போது கைதட்ட முடியாதே, அதனால் அவர்கள் பாராட்டு காலில்தானாம். வேலை நிரந்தரம். வேண்டாம் என்று ஒரே ஒரு ஓட்டு. அது யார் என்று கேட்கக் கூடாதாம், கேட்கவில்லை.

வழியில் டிராமில் நான் மெதுவாகக் கேட்டேன். "நான் போய்ச் சொன்னதாலயா குர்ட் மனசு மாறினாரு?"

"இல்லக்கா. மே மாசமே முடிவு பண்ணிட்டாராம். அந்த மாசம் ஒரு கச்சேரில, வாசிக்காம சும்மா இருக்கற தாளத்தை அவர் தப்பா எண்ணி முன்னாலயே வாசிக்க ஆரம்பிச்சாரு. நான் வில்ல கொஞ்சம் தூக்கிக் காட்டினேன், நிறுத்திட்டாரு. வேற யாருக்கும் தெரியல. நான் யார்கிட்டயும் சொல்லல. அதான்."

"அப்ப சத்தம் கம்மின்னு சொன்னது?"

"அது உண்மைக்கா. கம்மிதான். சரி பண்ணணும்."

அவ்வளவு பெரிய நாளின் சாயங்காலத்தில் அவள் பேசியது இதுதான். மறுநாள் காலை நான் எழுந்தபோது, குர்ட்டின் வில்லை வைத்துக்கொண்டு ஒற்றைத் தந்தியில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பி நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு எங்கள் தெருவில் பத்து வார்த்தை ஆகிவிட்டது. "செல்விக்கா வெச்ச குங்குமத்துலதான் பிடில் அம்மாவுக்கு வேலை கெடச்சுதாம்" என்று வனஜா காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அது கீழ்பென்னாத்தூர் வரை போய்விட்டது. யாரோ ஒரு அம்மா மகனின் பரீட்சைப் பேனாவைக் கொண்டு வந்து, "நீங்க ஒரு பொட்டு வெச்சுக் குடுங்கம்மா" என்று நீட்டினார்கள். அன்றைக்குத்தான் இதை எழுதி முடிப்பது என்று உட்கார்ந்தேன்.

என் கை பட்டதால் வில் கெட்டது. அவள் கை பட்டதால் வேலை கிடைத்தது. நடந்தது இவ்வளவுதான். அண்ணாமலையாருக்குப் பெருமை ஏற்கெனவே ஜாஸ்தி. அவள் சம்பாதித்ததை எடுத்துக் கொடுத்தால் அவரே வாங்கமாட்டார். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், கேட்டவர்கள் அடுத்தவருக்குச் சொல்லட்டும். ஆனால் ஒரு வரி கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, என் மேல் இரக்கப்பட்டு எண்ணெயை விட்டுவிடாதீர்கள்.